சிறிய சர்வருக்கு ஏற்ற கண்காணிப்பு: எதை அளப்பது, எங்கிருந்து பார்ப்பது

மதுரையில் கணினித் துறை என்றதும் வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் உள்ள எல்காட் வளாகங்கள் நினைவுக்கு வரும். ஊரின் அன்றாட வேலையைச் சுமக்கும் சர்வர்கள் பல இருப்பது வேறு இடங்களில். மாசி வீதிகளில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் மாடிப்படிக்குக் கீழே பழைய டெஸ்க்டாப் ஒன்று பில்லிங் சர்வராக ஓடிக்கொண்டிருக்கும். கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ வீட்டு மாடியில் நான்கைந்து பேராகச் சேர்ந்து மென்பொருள் எழுதும் குழு, மாத வாடகைக்கு எடுத்த ஒரு ஜிபி மெமரி கொண்ட மெய்நிகர் சர்வரில் தன் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் தளங்களையும் வைத்திருக்கும். ஒரு பள்ளியின் கட்டண விவரம், ஒரு ஸ்கேன் மையத்தின் அறிக்கைகள், ஒரு லாட்ஜின் அறைப் பதிவு எல்லாம் இப்படிப்பட்ட இயந்திரங்களை நம்பித்தான் இருக்கின்றன. இவற்றுக்கென்று தனியாக நிர்வாகி கிடையாது. மென்பொருளை எழுதியவரோ நெட்வொர்க் கேபிள் போட வந்தவரோ அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். சர்வர் நின்றுபோனது அவருக்குத் தெரிய வருவது, கல்லாவில் இருப்பவர் போனில் கத்தும்போதுதான்.

இதற்குக் கண்காணிப்பு வேண்டும் என்று தேடினால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: புரொமீத்தியஸ் போடுங்கள், அதன் மேல் கிராஃபனா போடுங்கள். எண்களைச் சேகரிக்கும் முன்னதும், அவற்றைப் படமாகக் காட்டும் பின்னதும் அருமையான மென்பொருட்கள். ஆனால் ஒரு ஜிபி மெமரியில் டேட்டாபேஸும் வெப் சர்வரும் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு ஓடும் இடத்தில் அவை இரண்டும் வந்து உட்கார்ந்தால், மெமரி போதாத ஒரு நாளில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் (பிராசஸ்களில்) ஒன்றைக் கொல்ல வேண்டி வரும். அது தேர்ந்தெடுப்பது அதிக மெமரி பிடித்திருக்கும் பிராசஸை. அதாவது பெரும்பாலும் டேட்டாபேஸை. காவலுக்கு வந்ததே வீட்டைக் கவிழ்த்துவிடும். சிறிய இயந்திரத்துக்குக் கருவி தேடுபவர் கருவிகளின் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது. எதை அளக்க வேண்டும், எவ்வளவு அடிக்கடி, எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பவற்றை முதலில் தீர்மானித்துவிட்டால் கருவியின் தேர்வு ஏறக்குறைய தானாகவே முடிந்துவிடும்.

எண்ணுவது கெர்னலின் வேலை

லினக்ஸ் கெர்னல் தனக்குள் நடப்பதையெல்லாம் தானாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது. சிபியு எவ்வளவு நேரம் உழைத்தது, டிஸ்க்கில் எத்தனை செக்டர் எழுதப்பட்டது, நெட்வொர்க் கார்டு வழியே எத்தனை பைட் போனது, எத்தனை பாக்கெட் தவறியது என எல்லாமே ‘புராக்’ என்ற அடைவில் சாதாரண எழுத்துக் கோப்புகளைப் போலக் கிடைக்கும். அவை டிஸ்க்கில் கிடக்கும் கோப்புகள் அல்ல. யாராவது திறந்து படிக்கும் கணத்தில் கெர்னல் எழுதித் தருபவை. டாப் கட்டளையும், 2004இல் ஹிஷாம் முகம்மது வெளியிட்ட எச்டாப்பும், நெட்டேட்டாவும், புரொமீத்தியஸுக்குத் தகவல் தரும் நோடு எக்ஸ்போர்ட்டரும் பெரும்பாலும் இங்கிருந்துதான் படிக்கின்றன. கணக்குப்பிள்ளை எழுதி வைத்த ஒரே பேரேட்டை ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டுகிறார், ஒருவர் நொடிக்கு ஒருமுறை புரட்டுகிறார், இன்னொருவர் பக்கம் பக்கமாக நகலெடுத்து அடுக்குகிறார். கருவிகளின் எடை வேறுபடுவது இதனால்தான். எவ்வளவு அடிக்கடி படிக்கிறது, எத்தனை எண்களை எடுக்கிறது, எடுத்ததை எங்கே வைக்கிறது, எப்படிப் படமாகக் காட்டுகிறது என்ற நான்கையும் பார்த்தால், ஒரு கருவி நம் இயந்திரத்துக்குத் தாங்குமா என்பதை நிறுவாமலே ஊகித்துவிடலாம்.

அந்தப் பேரேட்டில் சிறிய சர்வருக்கு உண்மையிலேயே தேவைப்படும் வரிகள் சில மட்டுமே. அவற்றைச் சரியாகப் படிக்கத் தெரியாததால் ஏற்படும் வீண் செலவு அதிகம். லோடு ஆவரேஜ் அதற்கு நல்ல உதாரணம். கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கான மூன்று எண்களாக அது வரும். சிபியுவுக்காக வரிசையில் நிற்கும் பிராசஸ்களின் சராசரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மற்ற யுனிக்ஸ் அமைப்புகளில் அது சரி. லினக்ஸில் 1993இல் செய்யப்பட்ட ஒரு திருத்தத்துக்குப் பிறகு, டிஸ்க் போன்றவற்றுக்காகக் காத்து, இடையில் எழுப்ப முடியாத நிலையில் உறங்கும் பிராசஸ்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆகவே நான்கு கோர் கொண்ட கடைச் சர்வரில் லோடு 9 என்று காட்டும். அதே நேரத்தில் சிபியு தொண்ணூறு சதவீதம் சும்மா இருக்கும். இதைப் பார்த்துவிட்டுப் புதிய பிராசஸர் வாங்கச் சொன்னால் கடைக்காரருக்குப் பணம்தான் நஷ்டம். அங்கே திணறுவது டிஸ்க். ராத்திரி பேக்கப் ஓடும் நேரத்தில் மட்டும் இப்படி என்றால் பெரிய கவலை இல்லை. பகலில் பில் போடும்போதும் இப்படி என்றால் அந்த ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலையை உடனே பார்க்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நல்ல வழி ஒன்று 2018 டிசம்பரில் வெளிவந்த 4.20 கெர்னலில் வந்தது. சிபியு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனியாக, அதற்காகக் காத்துக் காத்து வேலை எவ்வளவு நேரம் தடைப்பட்டது என்பதைச் சதவீதமாகவே அது சொல்லிவிடும். ‘புராக்’ அடைவுக்குள் ‘பிரஷர்’ என்ற உட்பிரிவில் மூன்று சிறு கோப்புகள். கடந்த 10, 60, 300 நொடிகளுக்கான சராசரி அவற்றில் இருக்கும். சில லினக்ஸ் வெளியீடுகளில் பூட் செய்யும்போது ஒரு சொல்லைச் சேர்த்து இதை இயக்க வேண்டியிருக்கும். இத்தனை பயனுள்ள ஒன்று இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சர்வர் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், வேறு எதையும் திறப்பதற்கு முன் இந்த மூன்று கோப்புகளைப் படிக்கச் சொல்வேன்.

மெமரியில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. காலியாக இருக்கும் மெமரி சில மெகாபைட்டுகள்தான் என்று பார்த்தவுடன் பயந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் வீணாக விடாது. அண்மையில் படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ என்ற எண். 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து அது நேரடியாகவே கிடைக்கிறது. அந்த எண்ணும் குறைந்து, மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடமான ஸ்வாப்பிலிருந்து மெமரிப் பக்கங்கள் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தால் மட்டுமே மெமரிப் பஞ்சம். ஸ்வாப்பில் ஏதோ கொஞ்சம் கிடக்கிறது என்பதால் மட்டும் பிரச்சினை இல்லை. விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப்பின் வரவையும் போக்கையும் காட்டும் இரண்டு பத்திகள் அசைந்துகொண்டே இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

டிஸ்க் நிரம்புவது எல்லாவற்றிலும் எளிய கோளாறு. இருந்தும் சிறிய சர்வர்கள் அதனால்தான் அடிக்கடி விழுகின்றன. இடம் தீர்ந்ததும் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்கும், தளம் வெள்ளைப் பக்கமாக வரும், சில நேரம் நிர்வாகி உள்ளே நுழைவதே சிரமமாகும். இங்கே மூன்று மறைவான இடங்கள் உண்டு. இடம் தாராளமாக இருந்தும், கோப்புக்கு ஒன்று வீதம் தேவைப்படும் ஐநோடு என்ற பதிவுகள் தீர்ந்துபோகலாம். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி செஷன் கோப்புகளை உருவாக்கிவிட்டு அழிக்காத தளங்களில் இது நடக்கும், சாதாரணமாகப் பார்க்கும் அளவில் அது தெரியவே தெரியாது. பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பாமல் இருக்கலாம்; ஏதோ ஒரு பிராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை கெர்னல் அந்த இடத்தை விடுவிக்காது. மூன்றாவதாக, ஈஎக்ஸ்டி4 வகை டிஸ்க்கில் ஐந்து சதவீதம் ரூட் என்ற தலைமைப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கப்படும். மற்ற பிராசஸ்களுக்கு இடம் தீர்ந்த பிறகும் ரூட்டுக்குக் கொஞ்சம் மிச்சம் இருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

கடையில் இருக்கும் சொந்த இயந்திரத்துக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பு கட்டாயம் வேண்டும். ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. இடம் மாற்றப்பட்ட செக்டர்கள் 5ஆம் எண்ணிலும், சந்தேகத்துக்குரியவை 197ஆம் எண்ணிலும் இருக்கும். இவை சுழியத்திலிருந்து நகர்ந்து ஏறத் தொடங்கினால் புதிய டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. அந்தத் தொகுப்பில் உள்ள ஸ்மார்ட்டி என்ற பின்னணிச் சேவை இதை விடாமல் பார்த்து மின்னஞ்சல் அனுப்பும். வாடகைச் சர்வரில் இது பயன்படாது; அங்கே தெரிவது மெய்நிகர் டிஸ்க். அங்கே கவனிக்க வேண்டியது வேறு: டாப் கட்டளையின் சிபியு வரியில் கடைசியாக வரும் ‘ஸ்டீல்’ என்ற எண். நம் சர்வர் வேலை செய்யத் தயாராக இருந்தும், அடியில் இருக்கும் இயந்திரம் தன் சிபியுவை வேறு வாடகைதாரர்களுக்குக் கொடுத்துவிட்ட நேரத்தை அது காட்டுகிறது. நாள்தோறும் மாலையில் அது பத்து சதவீதத்தைத் தாண்டினால் நிரலைத் திருத்திப் பயனில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அந்த எண்ணைக் காட்டிப் பேசலாம். கேட்காவிட்டால் வேறிடம் போகலாம்.

எதைக் கொண்டு படிப்பது

நாகியோஸ், ஜாபிக்ஸ் ஆகியவை 1999–2001 காலத்தில் பிறந்து இன்றுவரை உழைப்பவை. நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் உள்ள இடங்களுக்கு அவை தகும்; நாம் பேசும் அளவுக்கு அவை பெரியவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு சர்வர்தான் இருக்கிறது என்றால் முதலில் நிறுவ வேண்டியது சிஸ்டாட். செபாஸ்டியன் கொடார்ட் எழுதி நீண்ட காலமாகப் பராமரித்து வரும் இந்தத் தொகுப்பு, கண்ணைக் கவரும் எதையும் காட்டாது. வழக்கமான அமைப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, எண்களை ஒரு சிறிய கோப்பில் எழுதிவிட்டு மறைந்துவிடும். இடையில் மெமரியில் எதுவுமே தங்குவதில்லை. சார் என்ற கட்டளையைக் கொடுத்தால் நேற்று அதிகாலை மூன்று மணிக்கு டிஸ்க் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் படிக்கலாம். ‘ராத்திரி ஏதோ ஆகிவிட்டது’ என்ற புகாருக்கு விடை கொடுப்பது இந்தப் பழைய பதிவுதான். டாப், எச்டாப் போன்றவை பார்க்கும் கணத்தை மட்டுமே காட்டும். டெபியன், உபுண்டுவில் நிறுவியதோடு நிற்காமல், பதிவு எடுக்கும் பகுதி இயங்குகிறதா என்று அமைப்புக் கோப்பில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பதிவுகளை ஒரு வாரத்துக்குப் பதிலாக ஒரு மாதம் வைத்திருக்கச் சொல்லிவிடுங்கள். அதற்கு ஆகும் இடம் மிகக் குறைவு.

படமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு முனின் இன்னும் நல்ல கருவி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுத்து, டோபியாஸ் ஊட்டிகர் 1999இல் வெளியிட்ட ஆர்ஆர்டிடூல் கோப்புகளில் சேமிக்கிறது. அந்தக் கோப்பின் அமைப்பைப் புரிந்துகொள்வது பயன் தரும். முதல் நாளில் எவ்வளவு பெரிதாக உருவாக்கப்படுகிறதோ, பத்து ஆண்டு கழித்தும் அதே அளவில்தான் இருக்கும். புதிய அளவுகள் வர வர, பழையவை பல சேர்ந்து ஒரு சராசரியாகச் சுருங்கும். கண்காணிப்பே டிஸ்க்கை நிரப்பிவிடும் அபாயம் இதில் இல்லை. விலை என்னவென்றால், சராசரி உச்சங்களை விழுங்கிவிடும். இரண்டு நிமிடம் நூறு சதவீதத்தில் திணறிய சிபியு, போன மாதப் படத்தில் ஒரு சிறு மேடாகக்கூடத் தெரியாது. ஆண்டுக்காண்டு வளர்ச்சியைப் பார்க்க இது போதும். நேற்றைய கோளாறைத் துப்பறியப் போதாது.

மோனிட் வேறு வகை. சி மொழியில் எழுதப்பட்ட ஒரே சிறு நிரல். வெப் சர்வர் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்பு, மெமரி இந்த அளவைத் தாண்டினால் சொல்லு என்று எளிய வாக்கியங்களாகவே அதற்குக் கட்டளை எழுதலாம். ஆளில்லாத நேரத்தில் சேவையை மீட்டுத் தருவதில் அதன் அருமை தெரியும். ஆனால் தானாக ரீஸ்டார்ட் செய்யும் வசதியை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். மெமரி கசியும் ஒரு நிரலை மோனிட் தினமும் கொன்று கிளப்பிக்கொண்டே இருந்தால், அந்தக் கசிவு யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் வாழும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் தகவல் வர வேண்டும். சிறிது நேரத்துக்குள் பலமுறை கிளப்பியும் சேவை நிலைத்து ஓடவில்லை என்றால் முயற்சியைக் கைவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். இரண்டையுமே அதில் எழுதலாம்.

நெட்டேட்டா நொடிக்கு ஒருமுறை அளக்கிறது. கோஸ்டா சௌசிஸ் தொடங்கிய இந்தத் திட்டத்தின் படங்கள், ஒரு கோளாறு கண் முன்னே நடக்கும்போது பார்ப்பதற்கு ஈடு இணையற்றவை. நிறுவியதும் எந்த அமைப்பும் இல்லாமல் ஆயிரக்கணக்கான எண்கள் ஓடத் தொடங்கும். இந்தத் தாராளத்துக்கு மெமரி வேண்டும். வழக்கமான அமைப்பில் ஒரு ஜிபி சர்வரின் மெமரியில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். அளவெடுக்கும் ஏஜென்ட் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருந்தாலும், அதனுடன் வரும் புதிய திரைப் பகுதி திறந்த மூலம் அல்ல. பயன்பாட்டுத் தகவலைத் திட்டத்தாருக்கு அனுப்பும் வசதி தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்றால் நாம்தான் அணைக்க வேண்டும். உரிமத்தைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம் ஊர் இளைஞர்களிடம் வளர வேண்டும் என்பது என் ஆசை.

புரொமீத்தியஸைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய இது, கண்காணிக்கப்படும் இயந்திரம் தகவலை அனுப்பாமல், மையச் சர்வர் வந்து கேட்டு வாங்கிப் போகும் முறையில் இயங்குகிறது. சிறிய இயந்திரத்தில் அமர்வது நோடு எக்ஸ்போர்ட்டர் மட்டும். அது எதையும் சேமிக்காது. கேட்டால் சொல்லும், இல்லையேல் சும்மா இருக்கும். ஒரு இயந்திரம் ஆயிரம் எண் வரிசைகளைத் தருவதாகவும் 15 நொடிக்கு ஒருமுறை கேட்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5,760 முறை. மொத்தம் 57,60,000 அளவுகள். ஒரு அளவு சராசரியாக ஒன்றிரண்டு பைட்டில் சுருங்கிவிடும் என்பதால் நாளைக்கு 12 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். வழக்கமாக வைத்திருக்கும் 15 நாளுக்கு 180 மெகாபைட்டுக்குள். டிஸ்க்குக்கு இது ஒன்றுமே இல்லை. எடை இருப்பது மெமரியிலும், கற்றுக்கொள்ளச் செலவாகும் நேரத்திலும். ஆகவே மையச் சர்வரைக் கண்காணிக்கப்படும் சிறிய இயந்திரத்திலேயே வைக்காமல், அலுவலகத்தில் உள்ள வேறு ஒரு கணினியில் வைத்தால் புரொமீத்தியஸும் இலகுவான கருவிதான். சொந்தமாக மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரலுக்குள் ஓடும் எண்களையும், அதாவது எத்தனை பில், எத்தனை பிழை, ஒரு பில்லுக்கு எவ்வளவு நேரம் என்பதையும் அளக்க விரும்பினால் அந்த உழைப்பு வீண்போகாது.

மூன்று முதல் பத்து இயந்திரங்கள் வரை வைத்திருப்பவர்களுக்கு 2024இல் வந்த பெஸல் நல்ல இடைவழி. கோ மொழியில் எழுதப்பட்ட ஒரு மையம், ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு சிறு ஏஜென்ட். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க், வெப்பநிலை, டாக்கர் கன்டெய்னர்கள் ஆகியவற்றை எளிய படங்களாகக் காட்டும். எச்சரிக்கையும் உள்ளேயே இருக்கிறது. ஆழம் குறைவு. ஆனால் ஒரு மாலைப் பொழுதில் நிறுவி முடித்துவிடலாம். நாம் பேசும் வகைக் குழுக்களுக்கு இன்றைய நிலையில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எந்தக் கருவியானாலும், அது பதில் சொல்லும் எண்ணான போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்க வேண்டாம். நெட்டேட்டாவின் 19999, நோடு எக்ஸ்போர்ட்டரின் 9100, கிளான்சஸ் என்ற இன்னொரு கண்காணிப்புக் கருவியின் 61208 ஆகியவற்றைத் தேடி அலைவதற்கென்றே நிரல்கள் ஓடுகின்றன. உங்கள் சர்வரில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற பட்டியல் அங்கே படிக்கக் கிடைக்கும். மறையாக்கப்பட்ட தனி வழிகளான எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகவோ, 5.6 கெர்னலிலிருந்து லினக்ஸுடனேயே வரும் வயர்கார்டு வழியாகவோ மட்டும் அணுகும்படி வைக்க வேண்டும்.

வெளியே நிற்கும் கண்

இதுவரை சொன்னவை எல்லாம் சர்வருக்கு உள்ளே நின்று பார்ப்பவை. சர்வர் அணைந்தால் அவையும் அணைந்துவிடும். வாடிக்கையாளர் தளத்தைத் திறக்கும்போது என்ன காண்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதற்கு வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். லூயிஸ் லாம் 2021இல் வெளியிட்ட அப்டைம் குமா இதற்குப் பொருத்தமானது. நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தைத் தட்டிப் பார்த்து, பதில் வந்ததா, எவ்வளவு நேரத்தில் வந்தது, பக்கத்தில் நாம் எதிர்பார்க்கும் சொல் இருக்கிறதா என்று பார்க்கும். அந்தச் சொல்லைப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துவது முக்கியம். டேட்டாபேஸ் விழுந்த தளம்கூடப் பல நேரங்களில் ‘எல்லாம் சரி’ என்ற குறியீட்டோடு ஒரு வெற்றுப் பக்கத்தை அனுப்பும்.

பாதுகாப்புச் சான்றிதழ் எப்போது காலாவதியாகும் என்பதையும் குமா சொல்லும். இது இப்போது அவசியமாகிவிட்டது. 90 நாள் சான்றிதழ்களை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், காலாவதி நெருங்குகிறது என்று அனுப்பிவந்த மின்னஞ்சல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. சான்றிதழ் வழங்குபவர்களும் பிரௌசர் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, எந்தப் பொதுச் சான்றிதழும் 2026 மார்ச் 15 முதல் 200 நாளுக்கும், 2027 மார்ச் 15 முதல் 100 நாளுக்கும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளுக்கும் மேல் செல்லாது. ஆண்டுக்கு ஒருமுறை காலண்டரில் குறித்துவைத்துப் புதுப்பிப்பவர்களின் காலம் முடிகிறது. தானியங்கிப் புதுப்பிப்பு எப்போதாவது தவறும். தவறியதைச் சொல்ல ஆள் வேண்டும்.

குமாவை அதே சர்வரில் வைத்தால் பயனில்லை. கே.கே. நகரில் ஒரு குழு, திருநகரில் ஒரு குழு என்று இரண்டு நண்பர்கள் ஒருவர் சர்வரை மற்றவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செலவில்லாதது. கடைக்குள் இருக்கும் பில்லிங் சர்வருக்கு இது நேரடியாக நடக்காது. பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் பொதுவான முகவரி கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து தட்டினால் கதவு எது என்றே தெரியாது. அங்கே திசையை மாற்ற வேண்டும். கடைச் சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே உள்ள குமாவுக்கு ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிறு அழைப்பு அனுப்பட்டும்; அது வரவில்லை என்றால் குமா கூப்பிடட்டும். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி போதும்.

இந்த முறையைப் பேக்கப்புக்கு விரிப்பது இன்னும் பெரிய நன்மை. பேக்கப் நிரல் தோற்றால் மின்னஞ்சல் வரும் என்று அமைத்திருப்பார்கள். நிரல் ஓடவே இல்லை என்றால் தோல்வி மின்னஞ்சலும் வராது. பேக்கப் வெற்றியாக முடிந்த பிறகு, கடைசி வரியாக அந்த அழைப்பை வையுங்கள். கோப்பின் அளவு நேற்றையதைவிடப் பெரிதாகக் குறைந்திருந்தால் அனுப்பாதபடி ஒரு நிபந்தனையையும் சேருங்கள். 25 மணி நேரமாக அழைப்பு வரவில்லை என்றால் ஏதோ தவறு. பீட்டரிஸ் கௌனே உருவாக்கிய ஹெல்த்செக்ஸ் இந்த ஒரே வேலைக்கென்று எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். நம் சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம்.

மின்சாரமும் வெயிலும்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகுதிவாரியாக மின்சாரத்தை நிறுத்தும் நாட்கள் முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். அது தெரிந்த தடை. கோடை மழையின் முதல் காற்றில் வருவது தெரியாத தடை. இரண்டிலும் சர்வருக்கு ஆபத்து, பேட்டரி தீரும் கணத்தில் டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருப்பது. யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி இணைப்பு இருந்தால் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற பழைய, உறுதியான திறந்த மூலத் தொகுப்பு போதும். பேட்டரி குறைந்ததும் அது சர்வரை முறையாக அணைக்கும். விலை குறைந்த யுபிஎஸ்களில் பலவற்றுக்கும் அதில் டிரைவர் இருக்கிறது.

நம் கடைகள் பலவற்றில் சர்வர் ஓடுவது வீட்டு இன்வெர்ட்டரில். அது கணினியோடு எதுவும் பேசாது. இங்கே ஒரு எளிய வழி உண்டு. இன்வெர்ட்டரில் சேராத நேரடி மின் இணைப்பில் ஒரு பழைய வைஃபை ரௌட்டரைச் செருகி, அதைச் சர்வர் இருக்கும் நெட்வொர்க்கில் இணையுங்கள். சர்வர் அதற்கு நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்யட்டும். ரௌட்டர் பதில் சொல்லவில்லை, ஆனால் ஸ்விட்ச்சும் மற்ற கருவிகளும் சொல்கின்றன என்றால் மின்சாரம் போய்விட்டது. அந்த நேரத்திலிருந்து எண்ணி, பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று உங்களுக்குத் தெரிந்த நேரத்துக்குள் பாதுகாப்பாக அணைக்கும்படி பத்து வரியில் ஒரு நிரல் எழுதலாம். எப்போது போனது, எப்போது வந்தது என்ற பதிவும் கூடவே கிடைக்கும். பேட்டரியை மாற்ற வேண்டிய காலத்தைக் கடைக்காரருக்கு விளக்க அந்தப் பதிவைவிட நல்ல சான்று இல்லை.

வெப்பநிலையை எல்எம்-சென்சார்ஸ் தரும். சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமில்லாத மூலையில் என்ன இருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். சூடு எல்லையை நெருங்கினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதியம் மட்டும் பில் மெதுவாக வருகிறது என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு மருந்து பெரும்பாலும் விசிறியில் படிந்த தூசியைத் துடைப்பதுதான்.

யாரைக் கூப்பிடுவது, எதற்காக

எச்சரிக்கை அதிகமானால் யாரும் பார்ப்பதில்லை. கேட்டவுடன் ஒருவர் எழுந்து ஏதாவது செய்ய வேண்டியதற்கு மட்டும் போன் ஒலிக்கட்டும். மற்றவை படத்தில் இருந்தால் போதும். சிபியு தொண்ணூறு சதவீதம் என்பதற்கு யாரையும் எழுப்ப வேண்டாம். பேக்கப் நேரத்தில் அது இயல்பு. மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வரும் காலையில் பள்ளித் தளமும், சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரத்தில் லாட்ஜ் தளமும் திணறத்தான் செய்யும். அது முன்பே தெரிந்த நெரிசல், முன்பே ஏற்பாடு செய்ய வேண்டியது. டிஸ்க் தொண்ணூறு சதவீதம் என்பதும் நல்ல அளவுகோல் அல்ல. 20 ஜிபி டிஸ்க்கில் அது 2 ஜிபி மிச்சம், அவசரம். 2 டிபி டிஸ்க்கில் 200 ஜிபி மிச்சம், அவசரமே இல்லை. இப்போது நிரம்பும் வேகத்தில் போனால் நான்கு நாளில் தீர்ந்துவிடுமா என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி. புரொமீத்தியஸில் அதற்கென்றே ஒரு சார்பு இருக்கிறது. மற்ற கருவிகளில், மிச்சமுள்ள இடத்தைச் சதவீதமாக இல்லாமல் ஜிபியாகக் கொடுத்தால் ஓரளவு சரியாக வரும். தளம் ஒருமுறை பதில் சொல்லவில்லை என்றால் இணைப்பில் ஒரு தும்மலாக இருக்கலாம். மூன்று நிமிடம் தொடர்ந்து சொல்லவில்லை என்றால் கூப்பிடலாம்.

எதன் வழியாகக் கூப்பிடுவது என்பதிலும் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்தியாவில் மென்பொருள் வழியாக எஸ்எம்எஸ் அனுப்ப, நிறுவனத்தையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு கடைக்கு அது பெரிய சுமை. டெலிகிராம் பாட் இலவசம், ஐந்து நிமிட வேலை. நம் சர்வரிலேயே ஓட வேண்டும் என்றால் என்டிஃபை என்ற திறந்த மூல மென்பொருள் போனுக்கு நேராகச் செய்தி அனுப்பும். சாதாரணச் செய்திகளின் நடுவே தொலைந்துபோகாதபடி இதற்கென்று தனி ஒலி வைப்பது நல்லது. பெறுபவர் இருவராக இருக்க வேண்டும்; ஒருவர் கல்யாண வீட்டில் போனை அணைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கலாம். செய்தியில் எந்தச் சர்வர், எந்த அளவு, முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரி இருந்தால் இரண்டாமவராலும் ஏதாவது செய்ய முடியும்.

எல்லாம் அமைத்த பிறகு கடை மூடிய ஒரு நேரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். வெப் சர்வரை நிறுத்துங்கள். இரண்டு போன்களும் ஒலிக்கின்றனவா? ஃபால்லொகேட் கட்டளையால் ஒரு பெரிய வெற்றுக் கோப்பை உருவாக்கி டிஸ்க்கை எல்லைக்குக் கொண்டுபோங்கள்; செய்தி வந்ததும் அழித்துவிடுங்கள். கிரானில் உள்ள பேக்கப் வரியை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். மறுநாள் 25ஆம் மணியில் குமா கேட்கிறதா? கடைசியாக, சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். நான்கிலும் செய்தி வந்தால் தேதியைக் குறித்து வைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். அதற்குள் டெலிகிராம் கணக்கு மாறியிருக்கும், போன் எண் மாறியிருக்கும், திருநகர் நண்பர் தன் சர்வரையே வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருப்பார்.